வெள்ளாழியில் கயிறு பிடித்தவன்

"வெள்ளாழிக் கோயில்ல எங்க வெள்ளித் தோணி கெடக்கு. அத எடுத்துட்டு வால. அப்பறம் எந்தங்கச்சியப் பத்திப் பேசலாம்."

கிளாட்சன் மோத்தா இதைச் சொன்ன தொனியில், 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறான் என்பது வாசலில் படுத்திருந்த நாய்க்குக்கூடப் புரிந்திருக்கும். பெண் கேட்டு வந்திருந்த நெவில் கொரைராவுக்குப் புரியவில்லை. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டான்.

கிளாட்சன் சங்கு குளிப்பவன். அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவன். ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான பொறுமை. நெவில் அவன் தங்கை வினோலியாவோடு தூத்துக்குடிக் கல்லூரியில் படிப்பவன். அவன் வீட்டில் ஐஸ் கம்பெனி நடத்துகிறார்கள். கடலில் இறங்காமல் கடலை வைத்துப் பிழைக்கும் குடும்பம் என்பதுதான் கிளாட்சனுக்கு அவன்மேல் இருந்த ஒரே குறை. ஆனால் அந்தக் குறை பெரியது. ஐஸ் உடைக்கிற கையை நம்பித் தங்கையைக் கொடுக்க முடியாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

வெள்ளித் தோணிக்கு ஒரு கதை உண்டு. முத்துக் குளித்த காலத்தில் மோத்தா வீட்டார் வெள்ளாழி மாதாவுக்கு வெள்ளியில் ஒரு சிறிய தோணி செய்து கொடுத்தார்கள். திருவிழாவில் அதை ஏந்திக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பது மோத்தா வீட்டு மூத்த ஆணின் உரிமை. பிறகு வந்த ஒரு புயலில் மணல்மேடு நகர்ந்து வெள்ளாழியை அப்படியே மூடியது. உப்பு ரயில் நிலையம், சரக்கு வைக்கும் கிட்டங்கி, கோயில் எல்லாம் உள்ளே போயின. ஓடிய சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தோணியை யாரும் நினைக்கவில்லை. தோணி இல்லாததால் மோத்தாக்கள் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டியதாயிற்று. கிளாட்சனின் அப்பா சாகும்வரை திருவிழா நாளில் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

கோயில் மணிக்கூண்டின் தலை மட்டும் இன்றும் மணலுக்கு வெளியே தெரிகிறது. யாரும் போவதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு அங்கே மீன் கிடையாது. பயம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வினோலியா இயந்திரவியல் படிக்கிறாள். அண்ணனின் நிபந்தனை வெளிவந்த அடுத்த வாரமே, பழைய சைக்கிள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரும்புக் குழாய்களால் பற்ற வைத்து, உப்பளத்துக் குப்பையில் கிடந்த தள்ளுவண்டிச் சக்கரங்களை அடியில் மாட்டிவிட்டாள். உப்பு ரயில் ஓடிய குறுகிய தண்டவாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது அந்த வண்டி. தண்டவாளம் ஓரிடத்தில் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து வெள்ளாழிக்குத் துடுப்புப் படகு. அதற்கும் படகு விளையாட்டு நடத்தும் சிநேகிதி ஒருத்தியிடம் இரண்டு கயாக்குகள் வாங்கி வைத்திருந்தாள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். உச்சிக்கு மேல் கச்சான் காற்று எழும்பி மணலைக் கிளப்புவதற்குள் வெள்ளாழியை விட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இருவரையும் தனியாக அனுப்ப முடியாது என்று கிளாட்சனும் கிளம்பினான்.

விடியலில் உப்பள ஓரத்தில் வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். சைக்கிள் இருக்கைகளில் வினோலியாவும் நெவிலும். நடுவில் பலகை போட்டு ஒரு மீன்பெட்டி. அதுதான் பயணி இருக்கை என்றாள் வினோலியா. கிளாட்சன் அந்தப் பெட்டியின்மேல், பெண்ணுக்கும் பையனுக்கும் நடுவே, எல்லைக் கல் மாதிரி உட்கார்ந்தான். பின்னால் கட்டியிருந்த கயாக்குகளைப் பார்த்து, சோப்பு டப்பாவில் கடலுக்குப் போகிற காலம் வந்துவிட்டது என்று வருத்தப்பட்டான்.

வண்டி நன்றாக ஓடியது. அதுதான் முதலில் உறுத்தியது.

ரயில் நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்ட பாதை. இரும்பு துருவேறிப் பொரிந்து கிடக்க வேண்டும். ஆனால் தண்டவாளத்தின் மேல்முகம் புதுக் கத்தி போலப் பளபளத்தது. தினமும் சக்கரம் ஓடினால்தான் இரும்பு அப்படி மின்னும்.

காற்றில் வரும் மணல் உரசி உரசி மெருகேற்றியிருக்கும் என்றாள் வினோலியா. நல்ல விளக்கம். அது மூவருக்கும் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும், மணல் ஏன் மேல்முகத்தை மட்டும் உரசுகிறது, பக்கங்களை விட்டுவிடுகிறது என்று நெவில் கேட்டான். வினோலியா மிதியை இன்னும் அழுத்தினாள்.

இருபுறமும் உப்புப் பாத்திகள் வெள்ளையாய்க் கிடந்தன. டச்சுக்காரன் கட்டிய கிட்டங்கி ஒன்று கூரையில்லாமல் நின்றது. அதைத் தாண்டி ஒரு சின்ன நடைமேடை. சுற்றிலும் முழங்கால் அளவு மணல், ஆனால் மேடையிலிருந்த கல் பெஞ்சில் ஒரு துகள்கூட இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. நெவில் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வினோலியாவும் நிறுத்தினாள். வண்டி மெல்ல நின்றது. சக்கரச் சத்தமும் நின்றது.

தண்டவாளம் மட்டும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது.

கிளாட்சன் இறங்கி இரும்பில் காதை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"பின்னால எதோ வருது" என்றான்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்த வழி நேர்க்கோடாய், காலியாய், மினுங்கிக்கொண்டு கிடந்தது. வெயில் ஏறினால் இரும்பு விரியும், விரியும்போது சத்தம் வரும் என்றாள் வினோலியா. வெயில் இன்னும் ஏறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டும் தைரியம் இந்த முறை நெவிலுக்கு வரவில்லை. மூவரும் ஏறிக்கொண்டார்கள். வண்டி கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

பழைய ரயில் பாலம் இடிந்த இடத்தில் தண்டவாளம் சரிந்து தண்ணீருக்குள் போனது. வண்டியை ஒரு தூணோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். வினோலியாவும் அண்ணனும் ஒரு கயாக்கில், நெவில் இன்னொன்றில். இந்தப் பிரிவினை கிளாட்சனுடையது.

கடல் கண்ணாடி போல இருந்தது. கீழே தண்டவாளம் தெரிந்தது. கட்டைகள் மக்கிப் போயிருந்தாலும் இரண்டு இரும்புக் கோடுகளும் மணல் தரையில் விலகாமல் வெள்ளாழியை நோக்கிப் போயின. வழி கேட்க வேண்டியதே இல்லை. அவற்றின் மேலேயே துடுப்புப் போட்டார்கள். பக்கத்துப் பாறைகளில் பாசி தாடி விட்டிருந்தது. இரும்பில் பாசி இல்லை. ஓரா மீன் கூட்டம் ஒன்று வந்தது. தண்டவாளத்துக்கு அருகில் வந்ததும் அப்படியே நின்று, எதற்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி, பிறகு கடந்து போனது.

"அண்ணே, மீனு நிக்கிது பாத்தியளா?" என்றான் நெவில்.

"முன்னால பாத்துத் துடுப்புப் போடுல" என்றான் கிளாட்சன். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வெள்ளாழியில் ஒரு காக்கைகூட இல்லை. சிவந்த மணல்மேடு கடலிலிருந்து நேராக எழுந்து நின்றது. உச்சிக்குச் சற்றுக் கீழே மணிக்கூண்டின் தலை, ஒரு சிலுவை, அதன் அடியில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே மணி தொங்கியது. நாக்கில்லாத மணி. காற்று கொண்டுவந்த மணல் பட்டு, யாரோ நகத்தால் தட்டுவதுபோல் டிங், டிங் என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கூண்டுக்குள் மணல் ஒரு சரிவாக இறங்கி, கோயிலின் இருட்டுக்குள் போனது. கூரை தாங்கியிருக்கிறது, உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்றாள் வினோலியா. சரிவில் கால் வைத்தால் மணல் இழுத்துக்கொண்டு போய்விடும், கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது.

நெவில் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குள் நுழைந்தான். தலை போயிற்று. தோள் போகவில்லை. பக்கவாட்டில் முயன்றான். தலையை வெளியே எடுத்துவிட்டுக் காலை விட்டுப் பார்த்தான். ஐஸ் பாரைத் தூக்கித் தூக்கி அகன்ற தோள் அது. கடைசியில் இருவரும் சேர்ந்து அவனைப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று.

தான் போகிறேன் என்றாள் வினோலியா. கிளாட்சன் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு அவன் முகத்தில் மெதுவாக ஒரு மலர்ச்சி பரவியது.

"நானே போறேன்" என்றான். "தோணிய நான் எடுத்தா, நீ எடுக்கல. நெபந்தன நெபந்தனதான். என்னல?"

நெவில் நீல நைலான் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கிளாட்சன் அதன் ஒரு முனையை வளையமாக்கி இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். மறுமுனையை எடுத்து நெவில் தன் இடுப்பைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மேலே தூக்க வேண்டுமானால் தொடர்ந்து உலுக்கு, அதுதான் சைகை என்று பேசிக்கொண்டார்கள். சந்தோஷமாக உள்ளே இறங்கினான் கிளாட்சன்.

சரிவு முடிந்து காலில் கெட்டியான தரை தட்டியபோதும் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். டார்ச்சைத் திருப்பினான்.

சுவர் முழுக்கக் கயிறுகள் தொங்கின.

தேங்காய் நார்க் கயிறுகள். ஒவ்வொன்றும் வளையமாகச் சுற்றப்பட்டு ஆணியில் மாட்டியிருந்தது. அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான். குளிக்கப் போனவன் திரும்பி வராவிட்டால், அவன் கயிற்றைப் பிடித்திருந்த மச்சான் அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டுப் போவானாம்.

மச்சான் என்ற சொல் மனதில் வந்ததும் கிளாட்சனுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

கயிறு பிடிப்பது யார் என்ற விஷயத்தில் முன்னோர் விளையாடியதே இல்லை. கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது, சொத்தில் பங்குண்டு. கூட்டாளி பிடிக்கக் கூடாது, சங்கில் பங்குண்டு. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கீழே போனவன் வராவிட்டால் கயிறு பிடித்தவனின் உடன்பிறந்தவள் தாலியறுப்பாள். அந்தப் பயம் அவன் கையை உறங்க விடாது. சுருக்கமாகச் சொன்னால், நாம் செத்தால் யாருக்கு நஷ்டமோ அவனிடம் கயிற்றைக் கொடுக்க வேண்டும்.

கிளாட்சன் நின்ற இடத்திலேயே நின்று யோசித்தான். தான் செத்தால் நெவில் கொரைராவுக்கு என்ன நஷ்டம் என்று எல்லாப் பக்கமிருந்தும் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. லாபம் மட்டும் ஒன்று இருந்தது. அது மேலே மஞ்சள் சுடிதாரில் நின்றுகொண்டிருந்தது.

திரும்பிவிடலாமா என்று நினைத்தான். அதற்குள் வெளிச்சத்தின் ஓரத்தில் ஏதோ மின்னியது.

பீடத்தில், மணலுக்கு மேல், உள்ளங்கையளவு பாய்மரம். வெள்ளித் தோணி.

நடந்தான். மணல் கழுத்துவரை ஏறிய பெஞ்சுகள், மணலில் பாதி முங்கிய புனிதர் சுரூபங்கள். ஒரு புனிதருக்கு நெற்றிகூட வெளியே இல்லை. ஒரு கை மட்டும் மணலிலிருந்து நீட்டிக்கொண்டு, ஆசீர்வதிப்பதுபோல் விரித்தபடி நின்றது. அந்தக் கையின் அருகே வந்தபோது கயிறு இறுகிவிட்டது. இன்னும் விடச் சொல்லிக் கத்தினான். மணல் சத்தத்தை விழுங்கியது. பீடம் சில எட்டுகள்தான்.

அப்பாவின் பூட்டிய கதவை நினைத்தான். முடிச்சை அவிழ்த்தான். வளையத்தைப் புனிதரின் விரித்த உள்ளங்கையில், கட்டைவிரலுக்குள் மாட்டிவிட்டுப் போனான்.

மேலே கச்சான் முன்னதாகவே எழும்பிவிட்டது.

மணல்மேட்டின் உச்சி புகைய ஆரம்பித்தது. பிறகு மேடே மெதுவாக நகர்ந்தது. ஜன்னலுக்கு முன்னால் குந்தியிருந்த நெவிலின் முழங்கால்கள் மூடின. மணல் அவன் பக்கத்தால் வழிந்து ஜன்னலுக்குள் கொட்டியது. அதே நேரத்தில் கயிற்றிலிருந்த கனம் சட்டென்று போய்விட்டது.

வினோலியா அதை அவன் முகத்தில் பார்த்தாள். அண்ணன் விழுந்துவிட்டான், இழு என்றாள். நெவில் இழுக்கவில்லை. அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். இழு என்று அலறினாள். கயிற்றை அவளே பிடுங்கப் பார்த்தாள். அவன் முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டான். அதற்கு முன் அவன் அவளை அப்படித் தொட்டதே இல்லை.

"அவுத்து வச்சிருக்காரு. வச்ச எடத்துக்குத்தான் வருவாரு. நான் இழுத்தா எதப் பிடிச்சு வருவாரு?"

"மண்ணு மூடுது நெவில்."

"தோண்டு. என்னயில்ல, சன்னலத் தோண்டு."

அவள் துடுப்பை எடுத்து ஜன்னல் வாயிலிருந்து மணலை வாரி வாரித் தள்ளினாள். மணல் நெவிலின் இடுப்புக்கு வந்தது. அவன் கயிற்றைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, காதால் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான்.

கீழே, தோணியைக் கையில் எடுத்த கணத்தில் கூண்டுப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மணல் அலை ஒன்று கிளாட்சனை இடித்துக் கீழே தள்ளியது. டார்ச் போயிற்று.

அவன் கடலடி இருட்டு பார்த்தவன். அதில் ஓர் ஓட்டம் இருக்கும், எது மேல் எது கீழ் என்று உடம்புக்குத் தெரியும். இந்த இருட்டில் ஒன்றுமில்லை. தோணியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தவழ்ந்தான். கை சுவரில் பட்டது. கயிறு! பிடித்து இழுத்தான். பொடிந்து தூளாகி முகத்தில் கொட்டியது. நார். அடுத்தது. அதுவும் நார், அதுவும் தூள். இன்னொன்று. யாருடையதோ. இன்னொன்று. திரும்பி வராதவர்களின் கயிறுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போனான். தன்னுடையதை இந்நேரம் நெவில் மேலே இழுத்திருப்பான் என்று தோன்றியது. தானாக இருந்தால் இழுத்திருப்பேன் என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்புதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

சுவரை விட்டு நகர்ந்தான். மணல் மார்புக்கு வந்தது. நீட்டிய கையை ஒரு கை தொட்டது.

குளிர்ந்த, கடினமான கை. புனிதர். கிளாட்சன் அந்தக் கையைத் தடவினான். விரித்திருந்த உள்ளங்கையைத் தேடினான். உள்ளங்கை இல்லை. விரல்கள் மூடியிருந்தன. ஐந்தும் நன்றாக மடங்கி, எதையோ விட்டுவிடாமல் பிடித்திருந்தன. விரல்களுக்கு நடுவே நைலான்.

பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொல்வான். அந்த விரல்களை அவன் பிரிக்கவில்லை. "என் கயிறு" என்று சொன்னான். கயிறு கையில் வந்தது.

மேலே நெவிலுக்கு முதல் உலுக்கல் வந்தபோது மணல் அவன் மார்பில் இருந்தது. கால் ஊன்ற வழியில்லை. கையால் மட்டுமே இழுத்தான். ஐஸ் பாரை எந்தக் கையால் சரிவில் ஏற்றுவானோ அந்தக் கை. நைலான் தோலை உரித்தது. நீலக் கயிறு அவன் பிடியைக் கடந்து வெளிவந்தபோது சிவப்பாக வந்தது. வினோலியா ஜன்னலுக்குள் இடுப்புவரை நுழைந்து, முதலில் வந்த முடியைப் பிடித்தாள். அதற்குக் கீழே அண்ணன் இருந்தான்.

அவனை வெளியே போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து நெவிலைத் தோண்டி எடுத்தார்கள். இறங்கி ஓடும்போது பின்னால் மணி கடைசியாக ஒருமுறை ஒலித்து அடங்கியது. திரும்பிப் பார்த்தபோது சிலுவையும் இல்லை.

கயாக்குகளைக் காற்றே தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்த்தது. இந்த முறை நெவில் துடுப்புப் போட முடியாததால் கிளாட்சன் அவன் கயாக்கில் ஏறிக்கொண்டான்.

"அண்ணே" என்றான் நெவில். "கனம் போன பெறகு, நடுவுல ஒரு தடவ கயித்த யாரோ இறுக்கிப் பிடிச்சாப்ல இருந்துச்சு. உலுக்கல. சும்மா பிடிச்சிக்கிட்டாப்ல. நீங்கதான?"

கிளாட்சன் கீழே தண்ணீருக்குள் போகும் இரும்புக் கோடுகளைப் பார்த்தான்.

"நான்தான்" என்றான். அவன் நெவிலிடம் சொன்ன முதல் பொய் அதுதான், அதுவும் நல்லெண்ணத்தில்.

தண்டவாள வண்டியில் கிளாட்சனும் வினோலியாவும் மிதித்தார்கள். நெவில் மீன்பெட்டியில் உட்கார்ந்தான், கையில் வினோலியாவின் துப்பட்டா சுற்றியிருந்தது. இரும்பு மறுபடி முனகியது, இந்த முறையும் பின்னாலிருந்து, கூடவே வந்தது. யாரும் காதை வைத்துப் பார்க்கவில்லை. வழியனுப்ப வருகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று கிளாட்சன் சொன்னான். உப்பளம் வந்ததும் அது நின்றது.

சூரியன் விழுவதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, மாதா இப்போது இருக்கும் ஊர்க் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. தோணியைப் பார்த்ததும் பெரியவர்கள் சிலர் முட்டி வலியை மறந்து முழங்காலிட்டார்கள். யார் எடுத்தது என்று கேட்டார்கள்.

"இவன்" என்று கிளாட்சன் நெவிலைக் காட்டினான்.

நெவில் நேர்மையான பையன். இல்லை, உள்ளே இறங்கியது அண்ணன்தான், நான் வெளியே இருந்து... என்று ஆரம்பித்தான். வினோலியா அவன் காலை ஓங்கி மிதித்தாள். வாக்கியம் அங்கேயே முடிந்தது.

கிளாட்சன் தொண்டையைச் செருமினான். சபையில் பேசிப் பழக்கமில்லாதவன்.

"திருவிழா முடிஞ்சதும் சங்குக்குப் போறேன்" என்றான். "கயிறு பிடிக்க ஆள் இல்ல. நீ வாறியா?"

முற்றத்தில் எல்லாத் தலைகளும் நெவில் பக்கம் திரும்பின. அந்த ஊரில் மச்சான் பிடிக்கிற கயிற்றைப் பிடிக்கச் சொல்லிச் சபை நடுவே ஒருவனிடம் கேட்டால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வினோலியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெவில் துப்பட்டாவைப் பிரித்துத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"கை ஆறணும்" என்றான். "கொஞ்ச நாளாகும்."

"ஆறட்டும். சங்கு எங்கயும் போவாது."

நாம் செத்தால் நஷ்டப்படுகிறவனிடம் கயிற்றைக் கொடு என்ற முன்னோர் கணக்கில் பிழையொன்றும் இல்லை. ஆனால் லாபம் வருகிற இடத்திலும் பிடியை விடாத கை ஒன்று எப்போதாவது அகப்படும். அகப்பட்டால் விட்டுவிடக் கூடாது. கிளாட்சன் அவ்வளவு நீளமாக யோசிக்கவில்லை. நெவிலுக்கு மருந்து போட ஆள் அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய், திருவிழாதோறும் அப்பா பூட்டிவைத்த வாசல் கதவை இந்தத் திருவிழாவுக்குத் துடைக்க ஆரம்பித்தான்.